சிவப்பியின் காலடியில் ஒரு சொத்தை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சுகம். மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சரும் சுகம். என் ரத்த அழுத்தமும் சுகமாக, போன மாதம் இருந்ததைவிட உயரமான இடத்தில் இருக்கிறது. நடுக்கடலில் நீங்களும் உங்கள் பொறுப்பில் இருக்கும் கப்பல் எஞ்சினும் குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இந்த வீட்டில் இப்போதைக்குச் சுகம் என்று துணிந்து சொல்ல முடியாத ஒரே ஜீவன் சிவப்பிதான். இந்த வரியைப் படித்ததும் நீங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள். தயவுசெய்து உட்காருங்கள். கப்பல் ஆடும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரை நான் மட்டும்தான் பேசலாம். முப்பத்தைந்து வருடம் பல் டாக்டராக இருந்தவனுக்கு, எதிராளி வாயைத் திறந்தபடி பேசாமல் இருந்தால்தான் பேச்சு வரும். அதனால் பொறுத்துப் படியுங்கள்.

பதினோரு மாதத்துக்கு முன்பு நீங்கள் கப்பலுக்குக் கிளம்பிய அன்று, சிவப்பியின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினீர்கள். "மாமா, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றீர்கள். நமக்குள் நம்பிக்கை என்ற சொல் எவ்வளவு கனமானது என்பது நம் இருவருக்கும் தெரியும். எனக்குக் கல்யாணமான புதிதில், உங்கள் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதாகச் சொல்லி அதற்குப் பக்கத்தில் ஒரு பாவமும் அறியாமல் நின்றிருந்த நல்ல பல்லைப் பிடுங்கினேன். அதிலிருந்து நீங்கள் பல்வலி வந்தால் இரண்டு ஊர் தள்ளிப்போய் வைத்தியம் பார்த்துக்கொள்கிறீர்கள். என் எதிரில் வாய்விட்டுச் சிரிப்பதுகூட இல்லை. அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஒரு டாக்டர் மன்னிப்புக் கேட்டால் பல் தப்பு என்று ஊருக்கே உறுதியாகிவிடும் என்று அப்போது வீம்பாக இருந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் தாமதமாக இப்போது கேட்கிறேன், மன்னியுங்கள். சூட்டோடு சூடாக இன்னொரு மன்னிப்பும் தேவைப்படுகிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விஷயம் சிவப்பியின் கார்ப்பெட்.

நீங்கள் ஷெட் சுவரில் ஒட்டிவிட்டுப் போன தாளை நான் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. 'கூடாது' என்பதற்குக் கீழே மூன்று கோடு. எடுக்கவில்லை. இரண்டே இரண்டு சீட்டுள்ள, மடக்குக் கூரை போட்ட, என் வயதில் பாதிக்குமேல் கண்ட அந்தச் சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் போகும் அளவுக்கு எனக்கு நெஞ்சழுத்தமும் கிடையாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷெட்டைத் திறப்பேன், ஏறி உட்காருவேன், கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்புவேன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டிக்கொண்டிருப்பேன், பத்தாவது நிமிடம் அணைத்துவிட்டு இறங்கிவிடுவேன். இதற்குமேல் எனக்கும் சிவப்பிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்படியிருக்க, நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆக்சிலரேட்டருக்குக் கீழே குதிகால் ஊன்றுகிற இடத்தில் கார்ப்பெட் கொஞ்சம் வழுக்கை விழுந்திருப்பதைக் கண்டேன். ஐந்தாம் மாதம் நூல் பிரிந்து அடிச்சணல் தெரிந்தது. ஏழாம் மாதம் ஓட்டை. சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் சுத்தமாக, கூராக, யாரோ கருவி வைத்துக் குடைந்த மாதிரி. வாரத்துக்குப் பத்து நிமிடம் காலை வைத்தால் கார்ப்பெட் இப்படித் தேயுமா என்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே நிமிராமல் சொன்னாள்: "உங்க குதிகால் அப்படி. வருஷத்துக்கு எத்தனை செருப்பத் தேய்க்கிறீங்க, கார்ப்பெட் எம்மாத்திரம்?"

அது எனக்கு நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து ஒரு மாதம் தினமும் சாயங்காலம் வெந்நீரில் காலை ஊறவைத்து, சொரசொரப்பான கல்லால் குதிகாலைத் தேய்த்து, எண்ணெய் பூசினேன். குதிகால் குழந்தையின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறன்று இரண்டு ஜோடி காலுறை மாட்டிக்கொண்டு ஏறினேன். ஓட்டை ரூபாய் நாணயம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. வேறு சில கோளாறுகளும் அந்த வண்டியில் இருந்தன. ஓட்டுநர் சீட் ஒவ்வொரு வாரமும் தானாக முன்னால் நகர்ந்துவிடும். என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். நின்ற இடத்திலேயே பெட்ரோலும் குறையும். "பழைய வண்டின்னா அப்படித்தாங்க, ஸ்பிரிங் சுருங்கும், பெட்ரோல் ஆவியாகும்" என்று உங்கள் அக்கா விளக்கினாள். இந்த ஒரு வருடமாக அவள் நூலகத்துக்குப் போய்ப் புத்தகமாக எடுத்துப் படிக்கிறாள். அந்த அறிவுதான் பேசுகிறது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

ஓட்டைக்கு வருவோம். பல் வைத்தியத்தில் முதல் பாடம், தெரியாததைத் தோண்டாதே, மூடி வை. நானும் மூடினேன். குளியலறை வாசலில் கிடந்த மிதியடியை எடுத்துவந்து ஓட்டைமேல் போட்டேன். மஞ்சள் நிறம், நடுவில் ஒரு வாத்து. பார்க்க அழகாக இல்லைதான், ஆனால் வாத்து என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்த ஞாயிறு சாவியைத் திருப்பியதும் என் குதிகாலோடு மிதியடியும் சறுக்கி முன்னால் போய், மடங்கி, ஆக்சிலரேட்டரை அடியோடு அமுக்கிக்கொண்டது. மைத்துனரே, சிவப்பி போட்ட சத்தத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மாடியில் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது ஒரே நொடியில் நின்றது. நான் பயந்துபோய் இரண்டு காலையும் தூக்கிவிட்டேன். நியூட்ரலில்தான் எப்போதும் நிற்பாள் என்று நம்பியிருந்த சிவப்பி அன்று எப்படியோ முதல் கியரில் இருந்திருக்கிறாள். கிளட்ச் விடுபட்டதும் தவளை மாதிரி ஒரு தாவு தாவி, எதிரில் இருந்த மர அலமாரியில் முட்டி, முட்டியதோடு நிற்காமல் அதைத் தள்ளிக்கொண்டே பின்சக்கரம் சுழன்று புகையாகக் கக்கினாள். நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உங்கள் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள், கதவைத் திறக்காமலே மேலிருந்து கையை விட்டாள், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், சாவியைத் திருகினாள். எல்லாம் ஒரு மூச்சில். ஆபத்து வந்தால் இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு சாமர்த்தியம் வருகிறதோ என்று வியந்தேன்.

மாடிப்படியில் பாதி இறங்கி நின்ற பாட்டு டீச்சர், "சார், உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கேம்மா" என்றேன்.

"அப்ப கொஞ்சம் மெதுவா இருங்க. பிள்ளைங்க சுருதி போயிடுச்சு."

முன் பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. அலமாரிக்கு முன்னால் பழைய செய்தித்தாள் கட்டு இருந்தது. பத்திரிகைகளால் ஒரு நன்மையும் இல்லை என்று இனி நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் அடங்கி, "அப்பாடா" என்று நாங்கள் மூச்சுவிட்ட பிறகு, அலமாரியின் மேல்தட்டில் சாய்ந்திருந்த வெள்ளைப் பெயின்ட் டப்பா, அதுவரை யோசித்துக்கொண்டிருந்த மாதிரி, நிதானமாக உருண்டு வந்து விழுந்தது. கூரை மடக்கியிருந்ததால் நேராக உள்ளே, பக்கத்து சீட்டின் காலடியில். மூடியைச் சரியாக அழுத்தாதது நான்தான், மறைக்கவில்லை.

பக்கத்து சீட்டின் காலடி என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாற்பத்தாறு வயதுவரை சிவப்பியே போதும் என்று இருந்த நீங்கள், நம் நூலகத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறீர்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் அவரை அந்த சீட்டில்தான் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். "அவங்க இன்னும் வண்டியக் கண்ணாலகூடப் பார்த்ததில்ல மாமா. ரகசியமா வெச்சிருக்கேன். அன்னிக்கு அவங்க முகத்தப் பார்க்கணும்" என்று கப்பலிலிருந்து போன் செய்து சொன்னபோது உங்கள் குரல் இருபது வயதுப் பையன் குரல் மாதிரி இருந்தது. அந்தப் பெண் முதன்முதலாகக் கால் வைக்கப்போகும் இடத்தில் நான் ஒரு டப்பா பெயின்ட்டைக் கொட்டியிருந்தேன்.

"அப்படியே விடுங்க, காஞ்சப்புறம் உரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உங்கள் அக்கா உள்ளே போனாள். நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஒரு முழு பாட்டில் தின்னரை ஊற்றித் துணியால் தேய்த்தேன். தட்டு அளவில் இருந்த வெள்ளைக் கறை, தாம்பாளம் அளவில் சாம்பல் கறையாக மாறியது. விடாமல் தேய்த்தேன். தின்னர் கறையைக் கரைக்காமல், அடியில் இருந்த பசையைக் கரைத்துவிட்டது போலிருக்கிறது. கார்ப்பெட் மொத்தமாகக் கையோடு வந்தது. இந்தப் பக்கம் இழுக்க, இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள மேட்டைச் சுற்றியிருந்ததும், அந்தப் பக்கம் வாத்துக்கு அடியில் இருந்ததும், ஒன்றோடு ஒன்று கைகோத்த மாதிரி வரிசையாக எழுந்து வந்தன. பதினைந்து நிமிடத்தில் சிவப்பி உள்ளாடையோடு நின்றாள்.

கார்ப்பெட்டுக்கு அடியில் கம்பளிப் பஞ்சு மாதிரி ஒன்று ஈரத்தில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. எந்தக் காலத்து மழையோ தெரியாது. அதை வழித்து எடுத்தேன். தகடு தெரிந்தது. ஓட்டுநர் குதிகால் படும் இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு புள்ளி. மேலே சின்னதாகத் தெரியும் புள்ளியை நம்பக் கூடாது என்பதைத்தான் வாழ்நாள் முழுவதும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பழைய கருவிப் பெட்டியிலிருந்து பல்லைக் குத்திப் பார்க்கும் கொக்கி ஊசியை எடுத்துவந்து மெதுவாகத் தொட்டேன். தடையே இல்லாமல் உள்ளே போனது. வாய்க்குள் அப்படிப் போனால் "பிடுங்கிடலாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். இதைப் பிடுங்கி எங்கே வைப்பது? குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். தரை தெரிந்தது. வண்டியின் தரை அல்ல, ஷெட்டின் தரை. ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் டிங்கர் கடைக்காரரை வீட்டுக்கே அழைத்துவந்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடி ஒவ்வோர் இடமாகத் தட்டித் தட்டி 'ம்ஹூம்' என்றுகொண்டிருந்தார். நோயாளிகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பிறகு வெளியே வந்து சொன்னார்: "சார், இத்தன நாளா தகடு கார்ப்பெட்டத் தாங்கல. கார்ப்பெட்டுதான் தகடத் தாங்கிட்டு இருந்துச்சு. இன்னொரு மழைக்காலம் விட்டிருந்தீங்கன்னா, ஓட்டுறவரு வண்டியோட சேர்ந்து தானும் ஓட வேண்டியிருந்திருக்கும்." அழுகிய இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துரு ஏறாத பெயின்ட்டை இரண்டு கை பூசிக்கொடுத்தார். ஆகவே, அந்த ஓட்டை விழுந்ததால்தான் நீங்கள் பிழைத்தீர்கள் என்ற கோணத்திலும் இதைப் பார்க்கலாம். நான் அந்தக் கோணத்தில்தான் தினமும் பார்க்கிறேன்.

இனிப் புதுக் கார்ப்பெட். குஷன் கடைக்காரருக்குப் போன் செய்தேன். சீட், கூரைத்துணி, கார்ப்பெட் எல்லாம் தைப்பவர். "அளவு கொண்டாங்க சார், தச்சுத் தரேன்" என்றார். தட்டையான இடத்துக்கு அளவு எடுப்பது எளிது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் கியர்பெட்டியை மூடிக்கொண்டு ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு போகிறதே, அதை எந்த அளவுகோலால் அளப்பது? இங்கேதான் என் தொழில் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். வளைவும் நெளிவுமான பொருளுக்கு அளவெடுக்க அச்சு எடுப்பதுதான் முறை. ஆயிரக்கணக்கான வாய்களில் எடுத்திருக்கிறேன். மகள் இப்போது நடத்தும் நம் க்ளினிக்கில் பல் அச்சுக்கான பிளாஸ்டர் ஒரு மூட்டை பழசாகிக் கிடந்தது. கொண்டுவந்து குழைத்தேன். மேட்டின்மேல் பாலித்தீன் தாள் விரித்து, மேலே கெட்டியாக அப்பினேன். எல்லாம் சரியாகவே நடந்தது. கியர் கம்பியும் ஹேண்ட் பிரேக்கும் தாளைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கின்றன என்பதையும், அவற்றைச் சுற்றி பிளாஸ்டர் இறங்கும் என்பதையும் மட்டும் கவனிக்கவில்லை. கால் மணி நேரத்தில் கல்லாக இறுகியது. கியரை அசைத்துப் பார்த்தேன். சிவப்பி அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கும் அசையவில்லை. நான் மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அக்கா வந்து பார்த்தாள். எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறி, "ஐயையோ, நாளைக்குக் காலைல?" என்றாள்.

"நாளைக்குக் காலைல என்ன?"

"ஒண்ணுமில்ல. காலைலயே ஆரம்பிச்சிருங்கன்னு சொன்னேன்."

மகளுக்குத் தெரியாமல் க்ளினிக்கிலிருந்து சின்ன டிரில்லை எடுத்துவந்தேன். அன்று அங்கே மூன்று பேர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்களாம். அது தனிச் சண்டை. இரண்டு நாள், காலை முதல் மாலை வரை, பக்கத்து சீட்டின் காலடியில் தலையும் கதவுக்கு வெளியே காலுமாகப் படுத்துக்கொண்டு, கியர் கம்பியைச் சுற்றி நெல்மணி நெல்மணியாகக் குடைந்தேன். உங்கள் அக்கா ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் தூசி உறிஞ்சும் குழாயுமாகக் கூடவே நின்றாள். பழக்க தோஷத்தில் நடு நடுவே "வலிச்சா கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டேன். "எனக்குத்தான் வலிக்குது, ரெண்டு கையும் தூக்கித்தான் நிக்கிறேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அவ்வளவு நேரம் ஒரே வேலையைச் செய்தது அதுதான் முதல் தடவை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, நன்றாகத்தான் இருந்தது.

அச்சு இரண்டே துண்டாக உடைந்து, உருவம் கெடாமல் வந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குஷன் கடைக்குப் போனேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்ன சார், யானப் பல்லா?"

"கார். காரோட நடுமேடு. இதுக்குத் தகுந்த மாதிரி தைச்சுக் குடுங்க."

"இதும்மேல போர்த்தித் தைக்கணுமா?"

"அதேதான்."

அவர் அதையேதான் செய்தார். மூன்று நாளில் மாதிரித் துணியில் தைத்துக் கொடுத்ததைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தால், அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி தொளதொளவென்று நிற்கிறது. மேட்டின் அளவு அச்சின் உள்பக்கத்தில் இருந்தது. அவர் தைத்ததோ வெளிப்பக்கத்துக்கு. இடையில் மூன்று விரல் கனத்துக்குப் பிளாஸ்டர். அச்சு என்றால் உள்பக்கம் என்பதை முப்பத்தைந்து வருடம் பிழைப்பாகச் செய்தவன் சொல்ல மறந்துவிட்டேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பழைய கார்ப்பெட்டத் தூக்கிப் போட்டுட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல, மொட்ட மாடில காயுது."

"அதக் கொண்டாந்திருந்தா அதும்மேல வெச்சு அரை மணி நேரத்துல வெட்டியிருப்பேனே. எல்லாரும் அப்படித்தான் சார் பண்ணுவாங்க."

பழைய கார்ப்பெட்டைக் கொண்டுபோனேன். அரை மணி நேரம் ஆகவில்லை. இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது. ஓரத்துக்குத் தோல் பட்டி வைத்துத் தைத்து, குதிகால் படும் இடத்தில் கனமான ரப்பர் திண்டும் பொருத்திக் கொடுத்தார். ஒட்டியாயிற்று. ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு பிசிறு கிடையாது. உள்ளே கை வைத்தால் பூனையைத் தடவுவது போலிருக்கிறது. இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். நிறம் என்று ஒன்று இருக்கிறதே.

பழைய கார்ப்பெட்டின் நிறம் என்ன என்று உங்களுக்கே நினைவிருக்குமா தெரியவில்லை. மேலெல்லாம் புழுதி நிறம். சீட்டுக்கு அடியில், வெயில் படாத மூலையில் மட்டும் கருஞ்சிவப்பு. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கடையில் காட்டச் சட்டைப் பையில் வைத்தேன். ஆனால் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடையிலோ ஒரே ஒரு டியூப்லைட். குஷன்காரர் பதினான்கு சாம்பிள் துண்டுகளை விரித்தார். அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் மனதுக்கு இதமாக, ரொம்ப நாள் பழகிய முகம் மாதிரி இருந்தது. "இதுதான்" என்றேன். "இதா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். "இதேதான்" என்று இரண்டு தடவையும் சொன்னேன். மறுநாள் ஷெட் கதவைத் திறந்து வெயிலில் பார்த்தபோதுதான் அந்த முகத்தை எங்கே பார்த்தேன் என்பது விளங்கியது. அது ஈறு, மைத்துனரே. நல்ல ஆரோக்கியமான, ரத்தம் கசியாத, பளபளப்பான ஈறு. பாட்டு டீச்சர் துணி காயப்போட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு. வாயப் பொளந்த மாதிரி இருக்கு" என்றார். வெளியே சிவப்பு உதடு, உள்ளே ஈறு, நடுவில் வெள்ளைத் தோலில் இரண்டு சீட்டு. அவர் சொல்வதற்கு முன்பு வரை அந்த சீட்டுகள் எனக்குப் பல்லாகத் தெரியவில்லை.

மாற்றித் தைக்க அதே கனத்தில் வேறு நிறம் வர இரண்டு மாதம் ஆகுமாம். நீங்கள் பதினெட்டாம் தேதி துறைமுகத்தில் இறங்குகிறீர்கள். ஆகவே உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று உட்கார்ந்தேன். உங்கள் வண்டியின் ஓட்டை என் குதிகாலால் விழுந்தது. பெயின்ட்டைக் கொட்டியவன், தின்னரை ஊற்றியவன், பிளாஸ்டரை அப்பியவன், நிறத்தைத் தேர்ந்தெடுத்தவன் எல்லாம் நான் ஒருவனே. உங்கள் அக்கா மேல் ஒரு தூசு அளவுக்குக்கூடக் குற்றம் இல்லை. அவள் அந்த வண்டியில் ஏறியதுகூட இல்லை. அந்தப் பெண்ணிடம் வண்டியைக் காட்டும்போது மட்டும் அந்திக் கருக்கலில் காட்டினால் நிறம் கொஞ்சம் அடங்கித் தெரியும் என்பது என் தாழ்மையான யோசனை. கோபம் இருந்தால் வந்து நேரில் காட்டுங்கள். அடிப்பதாக இருந்தால்கூட வாயில் மட்டும் வேண்டாம். இந்த வயதில் எனக்கு யார் பல் கட்டுவது? மகள் டிரில் விஷயமாக இன்னும் பேசவில்லை.

உங்கள் கப்பல் கரை தட்டாமல் கரை சேரவும், கல்யாணம் நல்லபடியாக நடக்கவும், நெடுங்காலம் இருவரும் ஒரே வண்டியில் ஒரே திசையில் போகவும் மனமார வாழ்த்தி, உங்கள் பதிலை எதிர்பார்த்தும் எதிர்பாராமலும் இருக்கும்,

தங்கள் அன்பிற்கு ஏங்கும் மாமா.

பின்குறிப்பு:

தம்பி, அக்கா எழுதுறேன். கவர ஒட்டி தபால்ல போடச் சொல்லிட்டு உன் மாமா க்ளினிக்குக்குப் போயிட்டார். ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் அங்கதான் இருப்பார். மக வெயிட்டிங் ரூம்ல உக்கார வெச்சுப் பேப்பர் குடுத்துடுவா. கடிதத்தப் படிச்சேன். பாவம், அவர் எழுதினது அத்தனையும் உண்மை. ஆனா ஓட்ட மட்டும் அவரால விழுந்தது இல்ல. குதிகால அவர் கல்லால தேய்ச்சப்பவே சொல்லியிருக்கணும். மனசு கேக்கல, ஆனா அந்தக் கால் அவ்வளவு சுத்தமா ஆனத நானும் கெடுக்க விரும்பல.

நீ கிளம்பின மூணாம் வாரமே நான் நூலகத்துக்குப் போனேன். புத்தகம் எடுக்க இல்ல, உனக்கு வரப்போற பொண்ணு எப்படின்னு பார்க்க. நல்ல பொண்ணு. கலகலப்பா பேசினா. அவளுக்கு மத்தியானந்தான் வேலை, காலைல சும்மாதான் இருக்கா. "அண்ணி, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" அப்படின்னா. எனக்கு ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா வண்டிய நான்தானே ஓட்டினேன், நீ பின்னாடி உக்காந்து வாந்தி எடுப்பே. இங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல. ஷெட்ல ஒரு வண்டி சும்மா நிக்குது. கூடாதுன்னு நீ எழுதி ஒட்டினது உன் மாமாவுக்குத்தானே.

பத்து மாசமா, ஞாயித்துக்கிழம தவிர, தினம் காலைல ஒன்பதரைக்கு எடுத்து பதினொண்ணரைக்கு விட்டுடுவோம். டிங்கர் வேலை நடந்தப்பவும் பிளாஸ்டர் போட்ட அந்த ரெண்டு நாளும்தான் லீவு. கார்ப்பெட்ட ஓட்ட போட்டது அவளோட செருப்பு. குதி ஆணி மாதிரி இருக்கும். தட்டையா போட்டுக்கோன்னு சொன்னா, "கால் எட்டல அண்ணி"ங்கிறா. போன மாசம் லைசென்ஸ் வாங்கிட்டா, முதல் தடவையே பாஸ். நீ ரகசியமா வெச்சிருக்கிறது தெரிஞ்சதுலேருந்து, வண்டியக் காட்டும்போது ஆச்சரியப்படுற மாதிரி முகத்த வெச்சுக்கக் கண்ணாடி முன்னாடி பழகிட்டு இருந்தா. எனக்கு அதப் பார்க்கச் சகிக்கல, அதான் சொல்லிட்டேன். இனி கோபம்னா அவகிட்ட நீயே கேட்டுக்கோ. புது கார்ப்பெட்டோட நிறத்தப் பார்த்துட்டு, ரோஜாப்பூ மாதிரி இருக்கு, இத மாத்தவே கூடாதுன்னு சொல்லிட்டா. உன் மாமாகிட்ட இத நான் சொல்லல. நிறத்த அவர் தப்பா எடுத்துட்டதாவே நினைச்சுட்டு இருக்கட்டும், ஒரு மாசமா வீட்டுல எது சொன்னாலும் கேக்கிறார்.

பதினெட்டாம் தேதி துறைமுகத்துக்கு அவதான் வண்டிய எடுத்துட்டு வரா. நீ பக்கத்து சீட்ல உக்காந்துக்கோ. "பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி"ன்னு கத்தாதே, அவளுக்குப் பிடிக்காது. பெட்டிக்கெல்லாம் இடம் இல்ல, அத உன் மாமா பஸ்ல கொண்டு வருவார். இன்னொண்ணு, ஏறும்போது செருப்பக் கழட்டிட்டு ஏறு. கப்பல் கிரீஸோட கால வெச்சா இறக்கி விட்டுடுவேன்னு சொல்லியிருக்கா.